அமைச்சர் சொன்னதை யார் சரிபார்ப்பது? – செஞ்சி முற்றுகையிலிருந்து அக்சாய் சின் வரை

செஞ்சிக்காரன் எதை எழுத உட்கார்ந்தாலும் கோட்டையில்தான் ஆரம்பிப்பான் என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்வார். இந்தப் பதிவும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் டெல்லி.

1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட வந்தார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-இல். இடையில் ஏறக்குறைய எட்டு வருடம்! ராஜகிரி மேல் ஒரு முறை ஏறிப் பார்த்தவர்களுக்கு இது லேசுப்பட்ட கோட்டை இல்லை என்று புரியும். ஆனாலும் எட்டு வருடத்துக்கு மலை மட்டுமா காரணம்? அந்த முற்றுகையில் முகலாயர் பக்கம் இருந்த தல்பத் ராவ் புந்தேலாவிடம் பீம்சேன் என்றொருவர் வேலை பார்த்தார். நினைவுக் குறிப்பு எழுதி வைத்த மனிதர். நினைத்திருந்தால் தளபதி என்றைக்கோ கோட்டையைப் பிடித்திருப்பார், வேலையை இழுத்துக்கொண்டே போவதுதான் தளபதிகளின் வழக்கம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஜுல்பிகர் கானுக்கும் ராஜாராமுக்கும் நடுவில் ரகசியப் பேச்சு ஓடியது என்ற சந்தேகத்தைப் பிற்கால வரலாற்றாசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள். கடைசியில் ராஜாராம் தப்பிப் போன பிறகுதான் கோட்டை கைக்கு வந்தது.

இதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். பேரரசர் பல நூறு மைல் தள்ளி தக்காணத்தில் கூடாரத்தில் இருக்கிறார். செஞ்சியில் நடப்பது அவருக்குத் தெரிய வேண்டுமென்றால், அதை முதலில் சொல்ல வேண்டியவர் செஞ்சியில் இருக்கும் தளபதி. எந்த மனிதரின் வேலையைச் சோதிக்க வேண்டுமோ, அதே மனிதரின் கடிதம்தான் முக்கிய ஆதாரம்.

முன்னூறு வருடம் கழித்து, பேரரசர் இடத்தில் நாடாளுமன்றம் இருக்கிறது. பாதுகாப்பு விஷயம் என்று வந்துவிட்டால் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதுதான் இந்தப் பதிவின் விமர்சனம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1959: அக்சாய் சின் சாலை

சின்ஜியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் சாலை ஒன்றைச் சீனா 1957-இல் கட்டி முடித்தது. அதில் சுமார் 180 கிலோமீட்டர், இந்தியா தன்னுடையது என்று சொல்லும் அக்சாய் சின் வழியாகப் போகிறது. இது ஒன்றும் ஒற்றன் கண்டுபிடித்த செய்தி இல்லை. சீனப் பத்திரிகைகளே பெருமையாக வெளியிட்டன, பீக்கிங்கில் இருந்த நம் தூதரகம் டெல்லிக்குத் தெரிவித்தது. 1958 கோடையில் நேரில் பார்த்து வர இரண்டு ரோந்துக் குழுக்கள் அனுப்பப்பட்டன. அதில் ஒன்றைச் சீனர்கள் பிடித்து வைத்து, சில வாரம் கழித்து விட்டார்கள். 1958 அக்டோபர் 18-இல் இந்தியா சீனத் தூதரிடம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தது. டிசம்பரில் நேரு சூ என்லாய்க்குக் கடிதம் எழுதினார். 1959 ஜனவரி 23-இல் பதில் வந்தது. நம் இரு நாட்டு எல்லை முறைப்படி வரையறுக்கப்பட்டதே இல்லை என்று அதில் சூ என்லாய் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

இவ்வளவும் நடந்தது நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல்.

1959 ஏப்ரலில் மக்களவையில் ஒரு கேள்வி வந்தது. ஏறத்தாழ 30,000 சதுர மைல் இந்திய நிலத்தைச் சீனா கேட்கிறதாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அப்படி ஒரு கோரிக்கை நமக்கு வரவில்லை, ஹாங்காங் மாதிரியான இடங்களிலிருந்து வரும் செய்திகளுக்கு உறுப்பினர் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம் என்கிற பாணியில் பதில் சொன்னார் நேரு. அவர்தான் வெளியுறவு அமைச்சரும்.

இந்தப் பதிலைப் பொய் என்று சொல்ல முடியுமா? வக்கீல் கண்ணோடு பார்த்தால் முடியாது. "30,000 சதுர மைல்" என்று எண் போட்ட கோரிக்கைக் கடிதம் அன்றைக்கு வந்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்ட உறுப்பினர் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்? சீனாவோடு எல்லைத் தகராறு எதுவும் இல்லை, பத்திரிகைக்காரன் கிளப்பிவிட்டான் என்றுதானே? மூன்று மாதம் முன்பு வந்த கடிதமோ அதற்கு நேர் எதிராக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருந்தும் கேட்டவர் தலைக்குள் தவறான படம் உருவாகிறது. சபையைத் திசைதிருப்புவது என்று நான் சொல்வது இதைத்தான்.

உண்மை வெளியே வந்தது 1959 ஆகஸ்ட் 28-இல். கிழக்கே லோங்ஜூவில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, சாலை இருப்பதை நேரு மக்களவையில் ஒப்புக்கொண்டார். ஆட்சேபக் கடிதம் கொடுத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. கடிதப் போக்குவரத்திலேயே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தோம், சபையின் முன் வைக்கும் அளவுக்கு அப்போது அவசரம் தெரியவில்லை என்பது அவர் கொடுத்த விளக்கத்தின் சாரம்.

அதே அக்டோபர் 21-இல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் அருகே சீனர்கள் சுட்டதில் நம் போலீஸ்காரர்கள் 10 பேர் இறந்தார்கள். வருடா வருடம் அதே தேதியில் நம்ம விழுப்புரம் வரைக்கும் காவலர் வீரவணக்க நாள் என்று துப்பாக்கி முழங்க மரியாதை செய்கிறார்களே, அது இவர்கள் நினைவாகத் தொடங்கியதுதான்.

"பாதுகாப்பு விஷயத்தை வெளியே சொல்ல முடியுமா?"

இப்படி எழுதினால் உடனே வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். படை எங்கே நிற்கிறது, என்ன ஆயுதம் வைத்திருக்கிறது என்பதையெல்லாம் சபையில் ஒப்பிக்கச் சொல்ல யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"இதைப் பற்றி இப்போது பேச முடியாது" என்பது ஒன்று. பொதுநலன் கருதிப் பதில் மறுக்க அமைச்சருக்கு உரிமை உண்டு, நம் சபை மரபே அதை அனுமதிக்கிறது. "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை" என்பது இன்னொன்று. முதல் பதிலைக் கேட்டவருக்கு, தனக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்றாவது தெரியும். இரண்டாவது பதில் அந்த உணர்வையும் பிடுங்கிக்கொள்கிறது. ரகசியம் காப்பதற்கு முதல் பதிலே போதும். இரண்டாவது பதில் எதற்கு? கேள்வியே எழாமல் இருப்பதற்கு.

இன்னொன்றும் யோசியுங்கள். அக்சாய் சின் சாலை யாரிடமிருந்து மறைக்கப்பட்டது? சாலை போட்டவன் சீனாக்காரன், அவனிடம் ஆட்சேபக் கடிதம் கொடுத்தது நாம். எதிரிக்கு முழுக்கத் தெரியும். தெரியாதிருந்தது நம் எம்.பி.க்களுக்கு மட்டும்தான்.

நேருவுக்கு நியாயமாக இருக்க வேண்டுமென்றால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். 1959 செப்டம்பர் 7-இல் சீனாவுடனான கடிதப் போக்குவரத்தை வெள்ளை அறிக்கையாகச் சபையில் வைத்தார். அதன் பிறகு தொடர்ந்து வைத்துக்கொண்டே வந்தார். இவ்வளவு வெளிப்படையாக நடந்துகொண்ட பிரதமர்கள் குறைவு. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற கோபத்தில் இருந்த சபை, அதற்கப்புறம் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. 1960 ஏப்ரலில் சூ என்லாய் டெல்லி வந்தபோது பேரம் பேச நேருவிடம் இடமே இருக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். 1957-இலேயே சபையைக் கூடவே அழைத்துப் போயிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. மறைத்ததால் பாதுகாப்பு கூடியது என்று மட்டும் யாராலும் வாதாட முடியாது.

ஒன்றே கால் கோடியும் ஒரு போரும்

அதே காலம், அதே நேரு அரசு, அதே நாடாளுமன்றம். 1957 ஜூனில் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. சபையில் கேள்வி வந்தபோது நிதி அமைச்சகம் கொடுத்த பதில்கள் மழுப்பலாக இருந்தன. டிசம்பர் 16-இல் பெரோஸ் காந்தி, ஆளுங்கட்சி உறுப்பினர், அதுவும் பிரதமரின் மருமகன், எழுந்து நின்று அந்தப் பதில்களைப் பிய்த்துப் போட்டார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்லாவைக் கொண்டு விசாரணை. அதுவும் பொதுமக்கள் முன்னிலையில், வெளியே கூடியிருந்த கூட்டத்துக்கு ஒலிபெருக்கி வைத்து. செயலாளர் செய்தது எனக்குத் தெரியாது என்று அமைச்சர் ஒதுங்க முடியாது, பொறுப்பு அவருடையதுதான் என்று அறிக்கை சொன்னது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பெரோஸ் காந்தி பேசியதிலிருந்து இரண்டு மாதம்.

இப்போது 1962-ஐப் பாருங்கள். அரசுக் கணக்குப்படியே 1,383 வீரர்கள் இறந்தார்கள், சுமார் 1,700 பேர் காணவில்லை. பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் நவம்பர் 7-இல் அமைச்சரவையை விட்டே விலகினார். அவர் போனது களத்தில் வாங்கிய அடிக்காக. அதற்கு முந்தைய வருடங்களில் எல்லை பற்றிச் சபைக்கு என்ன சொல்லப்பட்டது, அதில் எது உண்மை என்று யாரும் விசாரிக்கவில்லை.

விசாரணை என்று நடந்தது லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பகத் இருவரும் செய்த ராணுவ ஆய்வு ஒன்றுதான். அவர்களுக்குக் கொடுத்த வேலை படை நடவடிக்கையை ஆராய்வது. அமைச்சர்களை அல்ல. 1963 செப்டம்பர் 2-இல் புதிய பாதுகாப்பு அமைச்சர் சவாண் அதன் முடிவுகளைச் சுருக்கமாக மக்களவையில் சொன்னார். அறிக்கை? இன்றுவரை சபையில் வைக்கப்படவில்லை.

2009-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட பத்திரிகையாளர் குல்தீப் நய்யாருக்கு மத்தியத் தகவல் ஆணையம் இல்லை என்றது. 2010-இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, அறிக்கை இன்றும் ராணுவ ரீதியில் பயனுள்ளது, அதனால் வெளியிட முடியாது என்றார். 2014 மார்ச்சில், எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜேட்லி, எவ்வளவு காலம்தான் பூட்டி வைப்பீர்கள் என்று எழுதினார். அதே ஜேட்லி அதே வருடம் ஜூலையில் பாதுகாப்பு அமைச்சராக மாநிலங்களவையில் கொடுத்த பதில்: வெளியிடுவது தேசநலனுக்கு உகந்ததல்ல. நான்கே மாதம்! நாற்காலி மாறியது, பதிலும் மாறியது. அதனால் இதை ஒரு கட்சியின் குற்றமாக எழுத எனக்கு மனமில்லை.

லாக் எழுதாத சர்வர்

2014-இல் நெவில் மாக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் அந்த அறிக்கையின் ஒரு பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார். அதில் என்னை உலுக்கிய இடம் போர்க்களம் பற்றியது இல்லை. பாதுகாப்பு அமைச்சர் அறையில் நடந்த கூட்டங்களுக்கு, அதிரகசியம் என்ற காரணம் சொல்லி, நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டாம் என்று அமைச்சரே சொல்லியிருக்கிறார். பெரிய முடிவுகளுக்கு யாருமே பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை என்ற நிலையை இது உருவாக்கிவிட்டது என்று அந்த இரண்டு ராணுவ அதிகாரிகளும் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்கள்.

சாப்ட்வேர் வேலையில் இருபது வருடம் இருந்தவனுக்கு இது உடனே புரியும். சர்வர் படுத்துவிட்டால் முதலில் பார்ப்பது லாக் பைலை. பிரச்சினை பண்ணினவரிடமே அட்மின் உரிமை இருந்து, அவரே லாக்கையும் நிறுத்தி வைத்திருந்தால்? விசாரணை என்று ஒன்று நடக்கும். முடிவில் "காரணம் தெரியவில்லை" என்று மூடிவிடுவார்கள்.

நம் சபை விதிகள் இந்த ஓட்டையை அடைப்பதில்லை. தவறான தகவல் கொடுத்தால் மட்டும் உரிமை மீறல் ஆகாது, பொய் என்று தெரிந்தே, ஏமாற்றும் நோக்கத்தோடு சொன்னார் என்று காட்ட வேண்டும் என்பதுதான் மக்களவைத் தலைவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த நிலை. அமைச்சருக்கு அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது என்று நிரூபிக்கக் கோப்பு வேண்டும். கோப்பு அமைச்சரிடம். கேட்டால் "பாதுகாப்பு". மக்களவைத் தலைவரின் 115-ஆவது வழிகாட்டுதலின்படி அமைச்சரின் பேச்சில் உள்ள பிழையை உறுப்பினர் எழுதிக் கொடுக்கலாம். அதற்கும் ஆதாரம் வேண்டுமே? நீதிமன்றம் போகலாம் என்றால், சபையில் பேசியதற்கு வழக்குப் போட முடியாது என்று அரசியல் சட்டத்தின் 105-ஆவது பிரிவு சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 20 வருடத்துக்கு முந்தைய விஷயங்கள் பலவற்றைத் திறந்துவிடுகிறது, பாதுகாப்புக்கு அங்கேயும் விலக்கு. எந்தக் கதவைத் தட்டினாலும் அதே பூட்டு.

பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2021-இல் பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரம் வந்தபோது, பாதுகாப்பு அமைச்சகம் மாநிலங்களவையில் ஒரு வரியில் பதில் கொடுத்தது: என்.எஸ்.ஓ. நிறுவனத்தோடு எங்கள் அமைச்சகத்துக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உளவு அமைப்புகள் எல்லாம் ஒரே அமைச்சகத்தின் கீழா இருக்கின்றன? "அரசின் எந்த அமைப்பாவது வாங்கியதா" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டில் ஒன்று சபைக்குக் கிடைக்கவே இல்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவுக்கும் அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ரமணா வெளிப்படையாகச் சொன்னார். 1959 ஏப்ரல் பதிலின் பேரப்பிள்ளை மாதிரி இருக்கிறது இது.

என்ன செய்யலாம்?

பிரிட்டனில் 1997-இல் அவர்கள் சபையே தீர்மானம் போட்டது: தெரிந்தே சபையைத் தவறாக வழிநடத்தும் அமைச்சர் ராஜினாமா செய்ய முன்வர வேண்டும். அதனால் அங்கே எல்லாம் சுத்தமாகிவிடவில்லை. ஈராக் போருக்குச் சொன்ன காரணங்களைச் சல்லடை போட்டுச் சலித்த சில்காட் அறிக்கை வர, போர் தொடங்கி 13 வருடம் ஆனது. ஆனால் வந்தது, யாரும் படிக்கலாம். நம் மத்திய அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள் பெரும்பாலும் சொத்து, தொழில், பரிசுப் பொருள் பற்றித்தான் கவலைப்படுகின்றன.

என் யோசனை பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. பாதுகாப்பு சம்பந்தமான கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லும் அன்றைக்கே, அந்தப் பதிலுக்கு ஆதாரமான கோப்பின் நகல் ஒன்று முத்திரையிட்டுச் சபைத் தலைவரிடம் போய்விட வேண்டும். 25 வருடம் கழித்துத் திறக்கட்டும். அதற்குள் அமைச்சர் இருக்கிறாரோ இல்லையோ. தண்டனை என் நோக்கம் இல்லை. இன்றைக்குச் சொல்லும் வார்த்தையை ஒருநாள் யாரோ கோப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று தெரிந்தால், "ஒன்றும் இல்லை" என்று சொல்ல வாய் வராது. "சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது போதும் எனக்கு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். 62-இல் நேஃபாவில் இருந்து, பொம்டிலா விழுந்தபோது காடு வழியாக நாள்கணக்கில் நடந்தே இறங்கியவர். எனக்கு இந்த ஆராய்ச்சிப் பைத்தியம் இருப்பது தெரியும் என்பதால், பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பார். "ஏன் தம்பி, எங்கள யாரு என்னா தெரிஞ்சி அங்க அனுப்புனாங்கன்னு ஒரு காயிதம் இருக்குதாமே, அது எப்பதான் வரும்?"

மாக்ஸ்வெல் போட்ட பகுதியை ஒரு நாள் பிரிண்ட் எடுத்துப் போய்த் தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். குறிப்பு எழுத வேண்டாம் என்று சொன்ன இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "அப்ப எழுதவே இல்லியா?" என்றார். இல்லைங்க ஐயா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, உள்ள போயி தண்ணி குடிச்சிட்டு போ" என்றார். அதன் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. போன வருடம் காலமானார்.

அறிக்கையின் மிச்சம் இன்னும் டெல்லியில்தான் இருக்கிறது.